மூணு கம்பெனி "மாட்டேன்"னு சொல்லணும்!

மரச்சீனிக்கிழங்கு அவிக்கறது எப்படி, ரசவடைக்குப் பருப்பு எந்தப் பதத்துல அரைக்கணும்னு எழுதிக்கிட்டிருந்தவ திடீர்னு இன்ஷூரன்ஸ் பத்தி எழுதறேனேன்னு பயந்துடாதீங்க. பாலிசி எதுவும் விக்க வரலை :-)

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு பொண்ணு வீட்டுக்குச் சாப்பிட வந்தா. எங்க ஊர்ப்பக்கம், மார்த்தாண்டம். நர்சிங் முடிச்சு, வளைகுடாவுல நாலு வருஷம் இருந்துட்டு, இப்பதான் கலிஃபோர்னியா வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கா. மீன் குழம்பு ஊத்தும்போது சும்மா கேட்டேன். "மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் சொந்தமா எடுத்திருக்கியாடீ?"

"எதுக்கு அக்கா? அதெல்லாம் ஆஸ்பத்திரியே பாத்துக்குமே!"

கரண்டி அப்படியே நின்னுடுச்சு. 2018ல நான் சொன்ன அதே வார்த்தை. அதே சிரிப்பு.

அன்னிக்கு அவகிட்ட சொன்னதைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் பெரிய கொசுவத்தி, பொறுத்துக்கோங்க.

(டிஸ்கி: இது சட்ட ஆலோசனை இல்லை. கலிஃபோர்னியாவில் எனக்கு நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதிமுறை வேற வேற.)

முதல்ல, இந்தத் துறையில இல்லாதவங்களுக்காக ஒரு வரி. நம்ம வேலையில ஒரு தப்பு நடந்து நோயாளிக்குப் பாதிப்பு வந்து, அவங்க நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டா, வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் பார்த்துக்கறதுதான் மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ். டாக்டருக்கு மட்டும் இல்லை, நர்ஸுக்கும் உண்டு. சாதாரணமா ஒரு நர்ஸுக்கு வருஷத்துக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல ஆகும். மாசக் கணக்குப் போட்டா ரெண்டு காபி.

அந்த ரெண்டு காபியை நான் மிச்சம் பிடிச்சேன். எங்க வார்டுல சீனியர் சேச்சி ஒருத்தங்க சொல்லுவாங்க, "மோளே, இன்ஷூரன்ஸ் வச்சிருந்தா வக்கீலுங்க மோப்பம் பிடிச்சு நம்ம மேலயும் கேஸ் போடுவானுங்க. இல்லாம இருக்கறதே நல்லது." நான் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். உண்மையில கேஸ் போடறவங்களுக்கு நம்மகிட்ட பாலிசி இருக்கா இல்லையான்னு முன்கூட்டியே தெரிய வழியே கிடையாது. இது பின்னாடி தெரிஞ்சது. எல்லாமே பின்னாடிதான் தெரிஞ்சது.

2018 ஜூன். நைட் டியூட்டி. கலிஃபோர்னியாவுல சட்டப்படி எங்க மாதிரி வார்டுல ஒரு நர்ஸுக்கு அஞ்சு நோயாளிக்கு மேல கொடுக்கக் கூடாது. அன்னிக்கு எனக்கு சரியா அஞ்சு பேர்தான். "பத்து பேரைத் தலையில கட்டிட்டாங்க"ன்னு சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை.

ஒரு அறையில கேன்சர் நோயாளி, அவருக்கு ஹைட்ரோமார்ஃபோன். இன்னொரு அறையில அன்னிக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பெரியவர், அவருக்கு மார்ஃபின். ரெண்டும் வலி மருந்து. பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா அதே மில்லிகிராம் அளவுக்கு ஹைட்ரோமார்ஃபோனோட வீரியம் மார்ஃபினைவிட சுமார் 5 மடங்குக்கு மேல. ரெண்டு ஊசியையும் ஒரே நேரத்துல எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. பார்கோடு ஸ்கேனர்ல சார்ஜ் இல்லை. இன்னொண்ணு தேடிப் போகலை. பெரியவருக்குப் போட்டது ஹைட்ரோமார்ஃபோன்.

அடுத்த அறைக்குப் போய்க் கையில மிச்சம் இருந்த ஊசியைப் பார்த்தேன். மார்ஃபின்னு எழுதியிருந்தது. அந்த ஒரு நொடி... இன்னமும் ராத்திரி தூக்கத்துல வரும். ஓடினேன். பெரியவர் நிமிஷத்துக்கு ஆறு தடவைதான் மூச்சு விட்டுக்கிட்டிருந்தார். எமர்ஜென்சி டீமைக் கூப்பிட்டு, மாற்று மருந்து நலாக்ஸோன் போட்டு, ஐசியூவுக்கு மாத்தி... பிழைச்சுக்கிட்டார். நாலு நாள் கழிச்சு நடந்து வீட்டுக்குப் போனார். கேஸும் போடலை.

எனக்கு வேலை போச்சு. ஆஸ்பத்திரி நர்சிங் போர்டுக்குப் புகார் அனுப்பினாங்க. இங்கேதான் நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். ஆஸ்பத்திரியோட இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரியைக் காப்பாத்தறதுக்கு. நோயாளி கேஸ் போட்டா அவங்க வேலையாளா இருந்த நம்மையும் அந்தக் குடைக்குள்ள சேர்த்துக்குவாங்க, சரி. ஆனா போர்டு நம்ம லைசன்ஸைக் கேள்வி கேட்டா? அங்கே நாம தனி ஆள். நானே ரெண்டு காபி காசு கட்டி ஒரு பாலிசி வச்சிருந்தா, பெரும்பாலான நர்ஸ் பாலிசியில 'லைசன்ஸ் டிஃபென்ஸ்'னு ஒரு பகுதி இருக்கும், போர்டு விசாரணைக்கு ஆகற வக்கீல் செலவை அதுல கொடுப்பாங்க. என்கிட்ட இல்லை. வக்கீலுக்குக் கொடுத்தது ஊர்ல வீடு கட்டச் சேர்த்து வச்ச காசு.

2020ல முறைப்படி குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது. 2021 செப்டம்பர்ல முடிவு. தீர்ப்பு வாசகத்தைப் பாருங்க, வடிவேலு காமெடி மாதிரி இருக்கும். "உங்கள் லைசன்ஸ் ரத்து செய்யப்படுகிறது. ஆனால் அந்த ரத்து நிறுத்தி வைக்கப்பட்டு, மூன்று வருடம் புரொபேஷன்." அதாவது கழுத்துல கயிறு போட்டாச்சு, ஸ்டூலை மட்டும் தட்டி விடலை. நிபந்தனைகளை மீறினா ஒரே தட்டு.

அம்மாகிட்ட என்ன சொல்றது? நாகர்கோவில்ல இருந்து வாரம் ரெண்டு போன். "சோலி எப்படிப் போவுது மக்ளே?" பொய் சொல்லவும் மனசு வரலை. "புரொபேஷன்ல இருக்கேன்மா"ன்னேன். அம்மா சந்தோஷமா, "அப்போ சீக்கிரம் பெர்மனென்ட் ஆயிரும், கவலைப்படாத மக்ளே"ன்னாங்க. நம்ம ஊர்ல புரொபேஷன்னா அதுதானே! சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. அப்படியே விட்டுட்டேன்.

நிபந்தனைகள்ல ஒண்ணு, மூணு வருஷத்துக்குள்ள தொடர்ச்சியா 6 மாசமாவது, வாரத்துக்கு 24 மணிநேரத்துக்குக் குறையாம நர்ஸா வேலை பார்த்திருக்கணும். அதே சமயம் ஏஜென்சி மூலமா போகக்கூடாது, டிராவல் நர்ஸா போகக்கூடாது, தனியா ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கற வேலையும் கூடாது. எங்கே விண்ணப்பிச்சாலும் தீர்ப்பு நகலை முதல்லயே காட்டணும். காட்டின உடனே, "நாங்களே கூப்பிடறோம்"பாங்க. கல்யாணம் ஆகணும்னா பைத்தியம் தெளியணும், பைத்தியம் தெளியணும்னா கல்யாணம் ஆகணும் கதைதான். ஏழெட்டு மாசம் வீட்டுல சும்மா. ரங்கமணி ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

2022 மார்ச்ல ஒரு சின்ன கிளினிக். இரும்புச்சத்து டிரிப், ஆன்டிபயாடிக் டிரிப் போடற இடம். போதை தர்ற வலி மருந்துகள் கிடையாது. அங்கே மூத்த நர்ஸ் ஒருத்தங்க கூடவே இருப்பாங்க. டாக்டரம்மா என் தீர்ப்பை முழுசா படிச்சுட்டு, "எனக்குப் பரவாயில்லை. ஆனா என் இன்ஷூரன்ஸ் கம்பெனி உன்னை எங்க பாலிசிக்குள்ள சேர்க்க மாட்டேங்குது. நீ சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வந்தா வேலை உனக்கு"ன்னாங்க. ஒரு கேஸுக்கு 10 லட்சம் டாலர், வருஷத்துக்கு மொத்தம் 30 லட்சம் அளவுக்கு.

இவ்வளவுதானே, ரெண்டு காபின்னு நினைச்சுக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன். பேரு, ஊரு, லைசன்ஸ் நம்பர் எல்லாம் மளமளன்னு போச்சு. மூணாவது பக்கத்துல அந்தக் கேள்வி. "உங்கள் லைசன்ஸ் எப்போதாவது ரத்து, இடைநிறுத்தம், புரொபேஷன் உள்ளிட்ட நடவடிக்கைக்கு உள்ளானதா? ஆம் / இல்லை."

"ஆம்" மேல வச்சேன். "உங்களுக்கு இணையம் வழியாகப் பாலிசி தர இயலாது"ன்னு வந்தது. போன் பண்ணினேன். "புரொபேஷன் முடிஞ்சதும் வாங்க, மேடம்." ரெண்டாவது கம்பெனி எல்லா நகலும் கேட்டு வாங்கிக்கிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பக்கக் கடிதத்துல மறுத்தாங்க.

மூணாவது கம்பெனி படிவத்துல புதுசா ஒரு கேள்வி பல்லை இளிச்சது. "வேறு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியாவது உங்களுக்குப் பாலிசி மறுத்துள்ளதா?" பக்கத்துல பொடி எழுத்துல, மிசௌரி மாநிலத்துக்காரங்க இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு போட்டிருந்தது. வாழ்க்கையில முதல் தடவையா மிசௌரியில பொறக்கலையேன்னு வருத்தப்பட்டேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த ரங்கமணியோட நண்பர் கூலா சொன்னார். "சிஸ்டர், 'இல்லை'ன்னு டிக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருங்க. எவன் பார்க்கப் போறான்?"

ஆசையாத்தான் இருந்தது, ஒளிக்க மாட்டேன். மவுஸைக் கொண்டுபோய் "இல்லை" மேல வச்சும் பார்த்தேன். ஆனா என் தீர்ப்பு போர்டோட இணையதளத்துலயே இருக்கு, யார் வேணா லைசன்ஸ் நம்பரைப் போட்டுப் படிக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், பொய் சொல்லி வாங்கின பாலிசி மழைக்குப் பிடிச்ச பேப்பர் குடை. வருஷா வருஷம் பிரீமியம் வாங்கிக்குவாங்க. என்னிக்காவது கேஸ் வந்தா, அன்னிக்குத்தான் படிவத்தைத் தோண்டுவாங்க. முக்கியமான கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தா பாலிசியையே ஆரம்பத்துல இருந்து செல்லாதுன்னு ஆக்க முடியும். மேலும், நான் புரொபேஷன்ல இருக்கறவ. இன்னொரு பொய் கண்டுபிடிக்கப்பட்டா ஸ்டூலுக்கு ஒரே தட்டு.

சரியா அந்த நேரத்துலதான், 2022 மார்ச் 25, டென்னசியில ராடொண்டா வாட் வழக்குல தீர்ப்பு வந்தது. நாஷ்வில்ல 2017 டிசம்பர்ல அவங்க மருந்துப் பெட்டியில 'வெர்செட்'டுக்குப் பதிலா 'வெக்குரோனியம்' எடுத்துப் போட்டு, 75 வயசு நோயாளி இறந்துட்டாங்க. லைசன்ஸ் 2021லயே பறிபோச்சு. இப்ப கிரிமினல் கேஸ்லயும் குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. மே மாசம் தண்டனை அறிவிச்சப்போ ஜெயில் இல்லை, மூணு வருஷம் புரொபேஷன். தீர்ப்பு வந்த அன்னிக்கு ராத்திரி நான் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன், மடியில அந்தப் படிவம். பெரியவர் பிழைச்சுக்கிட்டார். அவ்வளவுதான் எனக்கும் அவங்களுக்கும் இருந்த வித்தியாசம்.

மறுநாள் மூணாவது படிவத்துலயும் "ஆம்" போட்டு அனுப்பினேன்.

பதில் வர்றதுக்குள்ள ஒரு தோழி மூலமா ஒரு புரோக்கர் அம்மா கிடைச்சாங்க. அறுபது வயசு இருக்கும், கறார் பேர்வழி. கதையெல்லாம் கேட்டுட்டு முதல் கேள்வியே, "எத்தனை கம்பெனி மறுத்திருக்கு?"

"ரெண்டு" - தலை குனிஞ்சுக்கிட்டே.

"மூணாவதும் மறுத்தா நல்லது!"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. விஷயம் என்னன்னா, மாநிலத்துல உரிமம் வாங்கின கம்பெனிகள் ஏத்துக்காத ஆபத்துகளை எடுத்துக்கறதுக்குன்னே 'சர்ப்ளஸ் லைன்ஸ்'னு ஒரு தனிச் சந்தை இருக்கு. எடுத்த எடுப்புல அங்கே போக முடியாது. உரிமம் உள்ள மூணு கம்பெனியாவது மறுத்திருக்குன்னு புரோக்கர் காட்டணும். இத்தனை நாள் அவமானம்னு நினைச்சு மேசை அடியில ஒளிச்சு வச்ச கடிதங்கள்தான் அந்தக் கதவுக்குச் சாவி! அந்த வாரம் முழுக்க, "ஆண்டவரே, எப்படியாவது மூணாவது கம்பெனியும் என்னை வேண்டாம்னு சொல்லணும்"னு ஜெபம் பண்ணின ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன். ஜெபம் கேட்கப்பட்டது :-)

அடுத்து, நடந்ததை என் வார்த்தையில எழுதின ஒரு கடிதம் வேணும்னாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து மூணு பக்கம் எழுதினேன். ஸ்கேனர்ல சார்ஜ் இல்லை. ரெண்டு மருந்து பேரும் ஒரே மாதிரி. தொடர்ந்து மூணாவது நைட் டியூட்டி. "இந்தச் சூழ்நிலையில் மருந்து தவறுதலாக மாற்றிக் கொடுக்கப்பட்டது."

புரோக்கர் அம்மா படிச்சுட்டு போன் பண்ணினாங்க. "கொடுக்கப்பட்டதா? யாரு கொடுத்தா?"

பத்தாம் வகுப்புத் தமிழய்யா ஞாபகம் வந்துட்டார். செய்வினை, செயப்பாட்டுவினை. யாரோ எனக்குச் செய்வினை வச்ச மாதிரி எழுதி வச்சிருக்கேன், எழுவாயையே காணோம்!

அவங்க விடலை. "போர்டு குற்றச்சாட்டுல ரெண்டாவது ஒண்ணு இருக்கே, அது இந்தக் கடிதத்துல எங்கே?"

இருக்கு. உங்ககிட்டயும் இதுவரைக்கும் அதைச் சொல்லாமத்தான் கதை ஓட்டிக்கிட்டு வந்தேன், கவனிச்சீங்களா? ரெண்டு மருந்தையும் கொடுக்கறதுக்கு முன்னாடியே, நேரம் மிச்சம் பண்ண, "கொடுத்தாச்சு"ன்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருந்தேன். பல மாசமா அப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். மருந்து மாறினது ஒரு நொடித் தப்பு. இது பழக்கம். லைசன்ஸுக்கு வேட்டு வச்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான். வக்கீலைத் தவிர யார்கிட்டயும் நான் சொல்லலை. ரங்கமணிக்குக்கூடத் தெரியாது.

"கம்பெனிக்காரன் அதை எப்படியும் படிப்பான். நீ விட்டுட்டா நீ இன்னும் மாறலைன்னுதான் நினைப்பான். ஒரே பக்கம். என்ன செஞ்சே, அப்புறம் என்ன செஞ்சே, இப்ப எப்படிச் செய்யறே. போதும்."

மறுபடி எழுதினேன். முதல் வரி: "நான் ஒரு நோயாளிக்கு இன்னொருவரின் மருந்தைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பே கொடுத்ததாகப் பதிவு செய்திருந்தேன்." எழுதி முடிச்சு ரங்கமணி கையில கொடுத்தேன். படிச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஆங்கிலத்துல ஒரு இடத்துல ஸ்பெல்லிங் தப்பு"ன்னார். போய் டீ போட்டுக் கொண்டுவந்து வச்சார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், பாவம்.

கடிதத்தோட போர்டு கேட்ட படிப்புகளை முடிச்ச சான்றிதழ், நிபந்தனைகளை ஒழுங்கா கடைப்பிடிக்கறேன்னு காட்டற தாள்கள், தீர்ப்பு, குற்றச்சாட்டு எல்லாம் போச்சு. மூணு வாரத்துல பாலிசி வந்தது. வருஷத்துக்கு 1,400 டாலர். மேல மாநில வரி 3 சதவீதம். கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது, அதுல பெரிய எழுத்துல, இந்தப் பாலிசியைத் தரும் நிறுவனம் கலிஃபோர்னியா மாநிலத்தில் உரிமம் பெற்றதல்லன்னு இருந்தது. எனக்கு லைசன்ஸ்ல பிரச்சனைன்னு இங்கே லைசன்ஸ் இல்லாத கம்பெனி குடை பிடிக்குது, என்ன பொருத்தம்! (வேற இடத்துல உரிமம் வாங்கின கம்பெனிதான். ஆனா அது திவாலானா மாநில உத்தரவாத நிதி கைகொடுக்காது. அதைத் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறேன்னு வாங்கிக்கறாங்க.)

பாலிசியிலயும் ஓட்டைகள் உண்டு. 2018 சம்பவத்துக்கு செல்லாது. லைசன்ஸ் டிஃபென்ஸ் கிடையாது. எல்லாத்துக்கும் மேல, அது 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. கவனமா கேளுங்க, ஏன்னா இதுல நிறைய பேர் ஏமாறறாங்க. 'அக்கரன்ஸ்' வகைன்னா, சம்பவம் நடந்த அன்னிக்குப் பாலிசி இருந்தா போதும், கேஸ் ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாலும் காப்பாத்தும். 'கிளெய்ம்ஸ் மேட்'ல, கேஸ் வந்து சேர்ற அன்னிக்கும் பாலிசி உயிரோட இருக்கணும். நடுவுல நிறுத்தினா, 'டெயில்'னு ஒரு வாலைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஒட்டணும். நல்ல நிலைமையில இருக்கறவங்களுக்கு அந்த நூறு டாலர் விலையிலயே அக்கரன்ஸ் வகை கிடைக்கும். எனக்கு வாய்ச்சது இதுதான். வாங்கிக்கிட்டேன்.

2022 ஜூன்ல வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு இரும்புச்சத்து பாட்டிலோட பேரை நாலு தடவை படிச்சேன். மூத்த நர்ஸ் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

2024 செப்டம்பர்ல புரொபேஷன் முடிஞ்சது. முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, நான் ஒரு ஆளுக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்"னு ஆரம்பிச்சேன். அந்தக் கடிதத்தோட முதல் வரிதான். எல்லாத்தையும் சொன்னேன். அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்த ஆளு பொழச்சிட்டாரா மக்ளே?"

பொழச்சிட்டார்மான்னேன். வக்கீல், கம்பெனி, படிவம், நண்பர்கள்னு இத்தனை பேர்கிட்ட இந்தக் கதையைச் சொல்லியிருக்கேன். முதல் கேள்வியா இதைக் கேட்டது அம்மா மட்டும்தான். அன்னிக்குத்தான் நான் ஒழுங்கா அழுதேன்.

இன்னமும் அதே பாலிசிதான் வச்சிருக்கேன். படிவத்துல "எப்போதாவது"ங்கற வார்த்தை இருக்கற வரைக்கும் என் பதில் "ஆம்"தான். இப்பல்லாம் கை நடுங்கறதில்லை.

மார்த்தாண்டத்துப் பொண்ணு மீன் முள்ளை எடுக்காம அப்படியே கேட்டுக்கிட்டிருந்தா. கிளம்பும்போது, "அக்கா, அந்த அக்கரன்ஸ் வகைன்னு சொன்னீங்களே, அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க"ன்னா. எழுதிக் கொடுத்தேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன், உங்க வீட்டு நர்ஸுக்கும் அதேதான்: மருந்தைக் கொடுத்த அப்புறம் பதிஞ்சு வை, முன்னாடி இல்லை.

அடுத்த பதிவுல வழக்கம்போல ரசவடை. ஆணி நிறைய இருக்கு, வரட்டா?